பதினோரு வெறும் வட்டங்கள்

அக்கா,

இன்று காலை ஜன்னல் திரையில் இருந்த சின்ன ஓட்டை வழியாக வெயில் நுழைந்து எதிர்ச்சுவரில் வட்டமாக விழுந்தது. வேறு யாருக்கும் அது வெறும் வெயில். எனக்கு அது சூரியனின் படம். காபியை அப்படியே வைத்துவிட்டேன். உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ கல்யாணமாகி நெய்வேலிக்குப் போன புதிதில் நான் மலைமேல் ஓர் ஆய்வு நிலையத்தில் ஆராய்ச்சி மாணவன். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளைத் தினமும் வரைந்தால்தான் என் வேலை நடக்கும். அங்கேயோ பாதி நாள் மூடுபனி. நெய்வேலியில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? உன் குவார்ட்டர்ஸ் பக்கம் நட்ட மரமெல்லாம் அப்போது இடுப்பளவுதான். பழைய தொலைநோக்கி ஒன்றை உன்னிடம் கொண்டுவந்தேன். அதன் வழியாகக் காகிதத்தில் விழும் சூரியனைப் பென்சிலால் வரையக் காட்டிக்கொடுத்தேன். மாமாவை ஷிப்ட்டுக்கு அனுப்பிவிட்டு, சோற்றை வடித்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கொல்லைக்கு வருவாய். வாரம் ஒருமுறை படங்கள் தபாலில் வரும்.

"என்னாங்க, சூரியனுக்கு இன்னைக்கி எத்தினி மச்சம்?" என்று பக்கத்து வீட்டம்மா கேலி செய்வார். நீ சளைக்காமல், "ஏழுங்க" என்பாய்.

மேகம் மூடிய நாளுக்கு உத்தேசமாக ஏதாவது போட்டு அனுப்பேன் என்று ஒருமுறை கேட்டேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாத்தா வரைவேன். பாக்கலன்னா வட்டத்த வெறுமனே வுட்டுடுவேன். பாக்காதத என்னாத்துக்குடா வரையணும்?"

உன் பெண் குழந்தை ஏழாம் மாதத்தில் காய்ச்சலில் போனாள். தந்தி கண்டு வந்த நான் ஒரே நாள் இருந்துவிட்டு மலைக்குத் திரும்பினேன். அதை நினைத்தாலும் இப்போது வெட்கமாக இருக்கிறது. பிறகு உன் தபால் வந்தது. பதினோரு வெறும் வட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் தேதி, "பார்க்கவில்லை."

அந்த நாட்களில்தான் ஒரு பெரிய புள்ளிக்கூட்டம் சூரியன் முகத்தில் நகர்ந்தபடியே உடைந்துகொண்டிருந்தது. மலையில் விடாத மழை. முன்னும் பின்னும் இருந்த படங்களை வைத்து, நடுவில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, உன் வட்டங்களை நானே நிரப்பினேன். பார்த்தவர் என்ற இடத்தில் உன் பெயரைப் போட்டேன். அதை வைத்து எழுதிய கட்டுரை என்னை எங்கேயோ தூக்கிவிட்டது. வெளிநாட்டு வேலை, பேராசிரியர் பதவி எல்லாம் அதன் பின்னால் வந்தவை. எத்தனையோ பேர் அதை நம்பித் தங்கள் ஆய்வைத் தொடங்கினார்கள்.

அச்சான கட்டுரையை உன்னிடம் காட்ட ஓடிவந்தேன். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எம் பொண்டாட்டி பேரு இங்கிலீசு புத்தகத்துல!" என்று தேதிகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார்.

"பாப்பா போன அன்னைக்கி தேதியாச்சே இது. காலைல ஒம்போது மணின்னு போட்டுருக்கு. நான் டாக்டர இட்டுகினு வர ஓடனப்ப நீ கொல்லையில நின்னு சூரியன வரைஞ்சுகினா இருந்த?"

நீ என்னைப் பார்த்தாய். 'இல்லை மாமா, அது நான் போட்டது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் நாலு பேரிடம் சொல்வார், என் படிப்பு போய்விடும் என்று பயந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமாங்க," என்றாய். "ஒரு நிமிசம் போயிட்டு ஓடியாந்துட்டேன்."

மாமா கட்டுரையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் உன்னிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது, "என்னிக்காச்சும் ஒரு நாளு நீயே மாமாகிட்ட சொல்லிடுடா," என்றாய். சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரமும் உன் படங்கள் தவறாமல் வந்தன. ஒரு மழை நாளின் வட்டம் வெறுமையாக இருந்தது.

நான் சொல்வதற்குள், மாமாவை முந்திக்கொண்டு நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். என் பெயருக்கு மாலை விழும் மேடையிலெல்லாம் உன்னுடைய அந்த "ஆமாங்க" எனக்குக் கேட்கும். நீ சொன்ன ஒரே பொய்யை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

மாமா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அரைமணி நேரம் நானும் அவரும் மட்டும் இருந்தோம், அக்கா. என் ஆராய்ச்சியெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டார்.

நன்றாகப் போகிறது மாமா என்றேன்.