அக்னஸின் குழியில் டொக்டருக்கு இடம்

ஒக். 21, செவ்வாய்
விடிய மழை. முழங்கால் குத்து. கொட்டாஞ்சேனையில பஸ் ஏறி சவக்காலைக்குப் போனன். டொக்டரின்ர பழைய குழியை வெள்ளிக்கிழமை திறக்கினமாம், வேற ஆளை வைக்க. எலும்பைக் குடும்பக் குழியில சேர்க்கலாம், கேட்க ஆள் இருந்தால். இல்லாட்டிப் பொதுக்குழி.
"அவருக்கு நீங்க யார், அங்கிள்?" பதிவு எழுதிற கிளாக் பொடியன் கேட்டான்.
கார் ஓட்டினவன் எண்டன். சொந்தமில்லை எண்டு அவன் எழுதேல்லை.
குடை அங்கேயே மறந்திட்டன்.

ஒக். 22
நித்திரை இல்லை. டொ. ஞாபகம். (டொ. போதும், எனக்கு விளங்கும்.) சண்டைக்குத் தப்பி குளிர் நாட்டிலயிருந்து கப்பலில வந்தவர். வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் வாடகை வீடு. பூச்சி படிச்ச டொக்டர். போர்டைப் பார்த்துக் காய்ச்சல்காரர் வந்து நிப்பினம். கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ எண்டு அனுப்புவார். சுகமாகி வாழைப்பழத்தோட வருவினம்.
களனி ஆத்தங்கரையில வெள்ளைத் துணி கட்டி பெற்றோமக்ஸ் கொளுத்துவம். விட்டில் வந்து மொய்க்கும். ஒருக்கா செத்த வீடு எண்டு நினைச்சுச் சனம் வந்து தலை குனிஞ்சு நிண்டது. டொ. எல்லாருக்கும் பிளேன்ரீ ஊத்தச் சொன்னார்.
ஊருக்குத் திரும்பிப் போகேல்லை. அங்க அவருக்கு ஆருமில்லை.
கடையில வாங்க: முழங்காலுக்குக் குளிசை, மெழுகுதிரி, சவுக்காரம்.
மகள் ரீட்டாவிட்ட சொன்னன், டொ.வை அம்மா அக்னஸின்ர குழியில சேர்ப்பம் எண்டு. கோப்பையை டக்கெண்டு வைச்சா.
"அம்மாவோட பிற ஆம்பிளையா? சனம் என்ன கதைக்கும்?"
வெறும் எலும்பு பிள்ளை எண்டன். கதவைச் சாத்திட்டா.

ஒக். 23
வெக்கை. பகல் முழுக்க வாசலுக்கும் கட்டிலுக்கும் நடை. சோறு இறங்கேல்லை. நாளைக்குத் திறப்பாங்கள்.
பின்னேரம் ரீட்டா தானே கேட்டா, அம்மாவுக்கு அவரைப் பிடிக்குமோ எண்டு. பிடிக்காது எண்டன். பொக்கற்றுக்குள்ள வண்டு கிடக்கும் எண்டு அக்னஸ் அவரின்ர சட்டையைத் தோய்க்க மாட்டா. ஆனால் டொ. கடைசியாப் படுக்கையில கிடக்கேக்க கஞ்சி பருக்கினது அவதான். கரண்டி கரண்டியா. வாயைத் துடைச்சு.
ரீட்டா எழும்பிப் போனா.

ஒக். 24, வெள்ளி
தூறல். எழும்பிப் பார்த்தால் ரீட்டாவைக் காணேல்லை. செருப்பும் இல்லை. கோவிச்சுக்கொண்டு போயிட்டா எண்டு நினைச்சன்.
வந்தா. கையில புது வெள்ளைத் துணி, எலும்பு சுத்த. அம்மாவின்ர குழிதானே, கிளாக்கிட்ட கையெழுத்தைத் தானே வைக்கிறாவாம்.
"அம்மா கோவிச்சா நீங்கள்தான் கதைக்கவேணும், அப்பா."
ஓம் எண்டன். நானும் ஒருநாள் அந்தக் குழிக்குத்தானே போறன்.