பஸ்ஸுக்கு மேலே, காருக்கு உள்ளே

பிப்ரவரி 3
மகளோடு இந்த நாட்டிலேயே தங்க வேண்டுமானால் இங்கிலீஷ் பேசிக் காட்ட வேண்டுமாம். தேறாத கிழவி ஊர் திரும்ப வேண்டியதுதான். பேத்திக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை. மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திய அப்பாவை நான் மன்னிக்கவில்லை. செத்துப் போனவர்தான், இருந்தாலும்.

பிப்ரவரி 9
மகள் சொல்லிக்கொடுக்கிறாள். காருக்கு ‘இன்’. பஸ்ஸுக்கு, ரயிலுக்கு ‘ஆன்’. நடந்து வந்தாலும் ‘ஆன்’. வெறும் வண்டிப் பேரைச் சொன்னால் ‘பை’.
“ஆன்னா மேலன்னுதானடி சொன்னே? பஸ்ஸு மேல உக்காந்தா நான் வந்தேன்?”
“காரணம் கேக்காதம்மா. மனப்பாடம் பண்ணு.”
நமக்கு பஸ்ல, கார்ல, கப்பல்ல — எல்லாவற்றுக்கும் ஒரே ‘ல’. யாருக்கு என்ன குறைந்துபோயிற்று?

பிப்ரவரி 10
நான் படிக்கும்போது அடுக்களையில் சம்பந்தி சிரித்தாள். மருமகனின் அம்மா. இதே வீட்டில்தான் இருக்கிறாள், அவளுக்கும் இதே தேர்வு. பத்தாவது படித்த திமிர். கல்யாணத்தன்று என் பெண்ணைப் பார்த்து, “கறுப்புதான், பரவாயில்ல” என்றவள். எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள் என்பதுவரை நினைவிருக்கிறது. அன்றோடு பேச்சை விட்டேன்.

பிப்ரவரி 21
ஏறவில்லை. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று அத்தனையும் நிற்கிற மண்டையில் இந்தத் துக்கடா வார்த்தைகள் நிற்க மாட்டேன் என்கின்றன.

மார்ச் 6
தேர்வு. கேட்டவன் நல்ல பிள்ளைதான். இன்று எப்படி வந்தீர்கள் என்றான். மகளோடு காரில் வந்தேன். தெரியும். வாயைத் திறந்தேன் — ‘இன்’னா, ‘ஆன்’னா, ‘பை’யா? காத்திருந்தான். நான் சன்னலுக்கு வெளியே நின்ற காரைக் கைகாட்டினேன். அதற்கப்புறம் அவன் கேட்டது எதுவும் காதில் விழவில்லை.

மார்ச் 7
போச்சு.

மார்ச் 19
சம்பந்தி தேறிவிட்டாள். நான் இல்லை.
“அடுத்த வருஷம் மறுபடி பாக்கலாம்மா” என்கிறாள் மகள். அதுவரை என் முகம் குழந்தைக்கு நினைவிருக்குமா? கதவைச் சாத்திக்கொண்டேன். அழவில்லை என்று எழுதலாம். எழுதி யாரை ஏமாத்தப் போறேன்?

ஏப்ரல் 2
நாளை புறப்பாடு. அடுக்களைக்குப் போனேன். சம்பந்தி பேத்திக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நானாகவே வாயைத் திறந்தேன்.
“ரொம்ப ஆத்திடாதீங்க, துப்பிடுவா. தூங்க வைக்கறப்ப காதைத் தடவணும். வலது காது. இடதைத் தொட்டா முழிச்சுக்குவா.”
அவள் அடுப்பை அணைத்தாள்.
“வலது காது” என்றாள். “வேற என்ன, சம்பந்தியம்மா?”
உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றைக்கூட எனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.