எஞ்சின் ஓடட்டும், மாப்ளே

அன்பு மாப்ளே லூர்து,

நேற்று கல்லறைத் திருநாளுக்கு வந்திருந்தோம், பார்த்திருப்பாய். போன வருஷம் இதே நாளில் நீயும் நானும் எங்கள் அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பாதியில் பிரஷ்ஷை என் கையில் திணித்துவிட்டு, டீலர் போன் பண்ணுகிறார் என்று நழுவினாய். இந்த வருஷம் உன் கல்லறைக்கும் சேர்த்து நானே அடித்தேன். மழை தூறிக்கொண்டே இருந்ததால் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. ஸ்டெல்லா ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கொளுத்தினாள்.

உன் விற்பனை லைனுக்குப் புது ஆள் போட்டுவிட்டார்கள். விழுப்புரத்துக்காரர். மக்காச்சோள விதையை விற்கத் தெரிகிறது, கடைக்காரரோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்கத் தெரியவில்லை. திருநாவலூர் கடைக்காரர் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் உன் பேச்சைத்தான் எடுக்கிறார். நீ ஒட்டின விதைக் கம்பெனி போஸ்டரை அவர் இன்னும் கிழிக்கவில்லை.

நான் அதே பைப் கம்பெனிதான். திங்கட்கிழமை பையைத் தூக்கினால் சேலம், அரூர், திருவண்ணாமலை என்று சுற்றிவிட்டுச் சனிக்கிழமைதான் கள்ளக்குறிச்சி. நாம் தங்குகிற லாட்ஜில் அந்தக் கடகட ஃபேனை மாற்றிவிட்டார்கள். இப்போது சத்தமே இல்லை. உனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும், எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

இதையெல்லாம் கல்லறையிலேயே சொல்லியிருக்கலாம். பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்கக் காரணம் இருக்கிறது. வெள்ளிமலை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் படிக்க வேண்டும். உன் பெண்டாட்டி ஸ்டெல்லாவும் படிப்பாள். என் தங்கைதானே, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலையிலிருந்து இறங்கும்போது எஞ்சினை ஆஃப் பண்ணி, நியூட்ரலில் வண்டியை விட்டுவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். மரவள்ளி மூட்டை ஏற்றிய மொபெட்காரர் முதல் எங்களைப் போல லைன் போகிறவர்கள் வரை எல்லோரும் செய்வோம். பெட்ரோல் மிச்சம் என்று பேர். நிஜத்தில் அந்த அமைதிதான் ஆசை காட்டும். சாவியைத் திருகியதும் காற்றும் இலையும் மட்டும் காதில் விழும். ஆனால் ஹாரன் அடிக்காது, லைட் எரியாது, வண்டியை இழுத்துப் பிடிக்க எஞ்சினும் இருக்காது. பிரேக்கை மட்டும் நம்ப வேண்டும். அது சூடேறிவிட்டால் மிதிக்க மிதிக்க உள்ளே போகுமே தவிர, பிடிக்காது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நீ அப்படித்தான் இறங்கினாய். பனி மூட்டம். எதிரே ஏறி வந்த ஜீப்காரர் இன்றைக்கும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்: “சத்தமே இல்லீங்க. வளைவுல திடீர்னு அவருதான் இருந்தாரு.”

அன்றைக்கு ஸ்டெல்லா உன் பின்னால் உட்கார்ந்திருக்கவில்லை. காய்ச்சலோடு எங்கள் வீட்டில் படுத்திருந்தாள். நீ தனியாகப் போனாய். இனிமேல் நான் சொல்லப்போகிற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

உன் வண்டிக்கு ஹெட்லைட்டும் முன் ஃபோர்க்கும் போயிருந்தன. விற்றுவிடலாம் என்றேன். ஸ்டெல்லா கேட்கவில்லை. சரி செய்து, வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தாள். கோடை முடிகிற சமயம் ஒருநாள் தானே ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். கோயில் மைதானத்தில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அம்மா முதலில் திட்டினார்கள், அப்புறம் பின்னால் ஏறி ஒரு ரவுண்டு வந்தார்கள். கிளட்சை அவள் விட்ட அழகைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ரைஸ்மில் கணக்கு வேலைக்கு இப்போதும் டவுன் பஸ்ஸில்தான் போகிறாள். வண்டி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். பூசை முடிந்ததும் கச்சிராயபாளையம் வழியாகக் கிளம்பி, மலை ஏறி, வெள்ளிமலையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவாள். துக்கம் ஆற இது ஒரு வழி என்று நினைத்தோம். அவள் தனியாக மலை ஏறுகிறாள் என்று லைனில் நாலு பேரிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

நம் மெக்கானிக் காதர் பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். என் வண்டிக்கு ஆயில் மாற்றப் போயிருந்தேன். அவர் மூலையிலிருந்து ஒரு ஜோடி பிரேக் ஷூவை எடுத்துக் காட்டினார். கறுத்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. உன் வண்டியில் கழற்றியதாம். போன மாதம்தான் புதுசு போட்டாராம்.

“இது பிரேக்கு அடிச்சி தேஞ்சது இல்ல சார், வெந்துட்டுது. மேலருந்து கீழ வரைக்கும் ஆஃப் பண்ணி இறக்கினாதான் இப்டி ஆவும். தங்கச்சிகிட்ட சொல்லுங்க, நான் சொன்னா சிரிச்சிக்கினே போயிடுது.”

அப்புறம் அவராகவே இன்னொன்றும் சொன்னார். வண்டி வரும்போதெல்லாம் பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கிறதாம். இவர் மடக்கி அனுப்புகிறாராம். அடுத்த தடவை மறுபடியும் திறந்திருக்கிறதாம். கூட யாராவது போகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

போன ஞாயிறு நான் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். கோமுகி அணை தாண்டி, மலை ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் மழை விட்டிருந்தது. நிதானமாகத்தான் ஏறினாள். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே ஓட்டுகிறாள், காதர் பாய் பெரிதுபடுத்துகிறார் என்றுகூட நினைத்தேன்.

வெள்ளிமலையில் நாம் உட்காருகிற அதே டீக்கடைக்குப் போனாள். நான் தள்ளி, ஜீப் நிற்கிற இடத்தில் மறைந்து நின்றேன். டீ குடித்து முடித்து வண்டியிடம் வந்தவள், குனிந்து ஃபுட்ரெஸ்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். டேங்க்கை ஒட்டி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கிளம்பாமல் அப்படியே இருந்தாள். ஒரு ஆள் ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

இறக்கம் ஆரம்பித்ததும் பனி கவிந்துவிட்டது. முன்னால் போகிற அவள் வண்டியின் சத்தத்தை வைத்துத்தான் நான் பின்தொடர்ந்தேன். ஒரு வளைவில் அந்தச் சத்தம் நின்றுபோனது. தூரமாகப் போய்க் குறையவில்லை, ஒரேயடியாக நின்றது. பனிக்குள் மங்கலாகத் தெரிந்த அவள் வண்டியின் சிவப்பு விளக்கும் அணைந்தது. விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். ஓரமாக நிறுத்தி என் எஞ்சினையும் அணைத்துவிட்டுக் கேட்டேன்.

கீழ் ரோட்டில் டயர் உருளுகிற சத்தம் வந்தது. கூடவே அவள் குரல். பேசிக்கொண்டு போனாள். கூரையில் ஒழுகுவதைப் பற்றிச் சொன்னாள். அம்மாவின் மூட்டு வலியைச் சொல்லிச் சிரித்தாள். அதுவரை பரவாயில்லை, செத்தவர்களிடம் யார்தான் பேசுவதில்லை, நான் இப்போது செய்வதும் அதுதானே. ஆனால் நடுவில் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, “இல்ல, அது இன்னும் வரல. வந்தா சொல்றேன்” என்றாள். அது கேள்வி இல்லை, பதில். என்ன கேட்டாய் அவளிடம்?

வண்டியைக் கிளப்பி விரட்டிப் போய், கோமுகி அணைக்கருகே அவளை மறித்து நிறுத்தினேன். பிரேக்கிலிருந்து கருகின நாற்றம் அடித்தது. கத்தினேன், திட்டினேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொண்டு, நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

“இன்னாண்ணா, என் பின்னாலயே வந்தியா” என்று கேட்டாள். பிறகு அவளாகவே சொன்னாள். “வாரம் பூரா அவரு லைன்ல இருப்பாரு. வூட்டுக்கு வந்தா தூக்கம். மலை ஏறும்போது எஞ்சின் சத்தம், ஒண்ணும் கேக்காது. நாங்க புருசன் பொண்டாட்டியா பேசிக்கினது எல்லாம் அந்த இறக்கத்துலதான். சாவிய ஆஃப் பண்ணிட்டு, சொல்லு ஸ்டெல்லாம்பாரு.”

எனக்கு இது தெரியாது, மாப்ளே. உங்கள் இரண்டு பேருக்கும் பேச அந்த ரோடு மட்டும்தான் இருந்தது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நானும் வாரம் முழுக்க வெளியூரில் கிடக்கிறவன்தான். என் பெண்டாட்டியிடம் நான் எங்கே பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஒரு இடமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்றைக்கு அவள் காய்ச்சலில் படுத்ததால்தான் நீ தனியாகப் போனாயாம். அவள் இருந்திருந்தால் பேச்சு வளர்ந்திருக்குமாம், மெதுவாக வந்திருப்பாயாம். இதைச் சொன்னபோதும் அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

“மொதல்ல ரெண்டு வளைவுதான் ஆஃப் பண்ணி வந்தேன். அவருதான் இன்னும் கொஞ்ச தூரம் வா, இன்னும் கொஞ்ச தூரம் வான்றாரு. நடுவுல எஞ்சின் போட்டா பாதி பேச்சுல பூடறாரு. இப்ப அந்த வளைவுக்கு முன்னாடி வரைக்கும் வந்துட்டேன். அடுத்த வாரம் அங்க வரைக்கும் வந்துடுவேண்ணா. அதுக்கப்பறம் அவர தனியா வுட வேணாம்.”

அந்த வளைவு என்றால் எது என்று நான் கேட்கவில்லை. உன் ரத்தத்தின் மேல் மண் அள்ளிப் போட்டவன் நான்.

இந்த வாரம் லைனுக்குப் போகாமல் லீவு போட்டேன். சாவியைப் பிடுங்கி வைத்தேன். இன்னொன்று வைத்திருக்கிறாள். பங்குச் சாமியாரிடம் சொன்னேன், உன் ஆன்மா இளைப்பாற ஒரு பூசை வைக்கலாம் என்றார். வைத்தோம். முன் வரிசையில் உட்கார்ந்து எல்லா ஜெபத்துக்கும் பதில் சொன்னாள். நேற்று கல்லறையில் வைத்துக் கெஞ்சிப் பார்த்தேன். அவள் மெழுகுவர்த்தியை மறைத்த கையை எடுக்காமலே, ஞாயிற்றுக்கிழமை மழை இருக்காதுண்ணா என்றாள்.

பேய் பிசாசு எதையும் நம்பாதவன் நான், உனக்குத் தெரியும். லாட்ஜில் நீ சொன்ன பேய்க் கதைகளுக்கெல்லாம் குறட்டையில் பதில் சொன்னவன். அவள் மனசுதான் உன் குரலில் பேசுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பனிக்குள் அந்த எஞ்சின் நின்றதும் வந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்ளே.

அதனால் நீ இருக்கிறாயா இல்லையா என்ற விசாரணையெல்லாம் வேண்டாம். இருந்தால் இதைக் கேள். அவள் கூப்பிட்டால் பதில் சொல்லாதே. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வாயைத் திறக்காதே. எந்த விதை எந்த மண்ணுக்கு ஒத்துவராது என்று டீலரிடம் அத்தனை உறுதியாகச் சொல்வாயே, அந்த உறுதியோடு ஒரே ஒரு தடவை, சாவியைப் போடு ஸ்டெல்லா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடு. நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். நீ சொன்னால் கேட்பாள்.

என் பங்குக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். இன்று காலை காதர் பாயிடம் போய் உன் வண்டிக்குப் புது பிரேக் ஷூ போடச் சொன்னேன். என் வண்டியின் சைலன்சருக்குள் இருக்கிற குழாயை உருவிவிடச் சொன்னேன். போலீஸ் பிடிக்கும் சார் என்றார். பிடிக்கட்டும் என்றேன். ஸ்டார்ட் பண்ணினால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. அவள் எஞ்சினை அணைத்தாலும் என் சத்தம் மலை முழுக்கக் கேட்கும். எதிரே வருகிற ஜீப்காரருக்குக் கேட்கும். நீ பேசினாலும் அவளுக்குக் கேட்காது.

இந்த ஞாயிறும், இனி வருகிற எல்லா ஞாயிறும், அவள் எவ்வளவு திட்டினாலும், அவள் வண்டிக்கு ஒட்டி என் வண்டி இறங்கும். இது சத்தியம். உனக்குத் தனியாக இறங்கப் பிடிக்காது என்றால் அந்த வளைவில் காத்திரு. என் பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் திறந்து வைத்திருக்கிறேன். அவள் வண்டியை விட்டுவிட்டு என் வண்டியில் ஏறிக்கொள். நீ பேசுவது எனக்கு ஒன்றும் கேட்காது, எஞ்சினை நான் அணைக்கப் போவதில்லை. ஆனால் அடிவாரம் வரைக்கும் உன்னைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவேன்.

உனக்குத் தங்கையைக் கொடுத்தவன், அவளைத் திருப்பிக் கேட்கிறவன்,
உன் மச்சான்
சவரி