பூச்சி தின்ற வீட்டுப்பேர்

போன செவ்வாய்க்கிழமை பஞ்சாயத்திலிருந்து ஒரு பெண் நீலநிறப் படிவக் கட்டோடு வந்தாள். மலைமேல் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், ஏலக்காய் காயப்போட்டிருந்த வாசலில் நின்றபடியே பேனாவைத் திறந்து, "வீட்டுப்பேர் எந்தா, அம்மே?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தன் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு என்னவென்று சொல்வது? அந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலால்தான் என் கல்யாணம் நின்றது. அந்தப் பதிலை நீ துருவித் துருவிப் பார்த்ததால்தான் திரும்ப நடந்தது. இதை நினைத்து என்னோடு சேர்ந்து சிரிக்க நீ ஒருத்திதான் இருந்தாய். நீயும் இந்த ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், மலையாள நாட்டு எல்லையில், வேலந்தாவளத்துப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நீ கணக்கு டீச்சராக வந்தாய். நான் அங்கே தையல் டீச்சர். குமுளிக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உனக்கு எங்கள் ஊர் வெயிலும் புரியவில்லை, எங்கள் வீடும் புரியவில்லை. முன்னறையில் வாடகைக்கு வந்த முதல் வாரமே, "ஏட்டி, உங்க வீட்டுல எத்தனை பாஷைதான் பேசுதீக?" என்று கேட்டாய். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் கோயமுத்தூர்த் தமிழ், ஆபீசில் மலையாளம் என்றேன். "அப்போ கோவம் வந்தா எதுல ஏசுவீக?" என்று அடுத்த கேள்வி. உனக்கு ஒரு கேள்வியோடு நிறுத்தத் தெரியாது. அன்றைக்கே எனக்கு உன்னைப் பிடித்துப்போயிற்று.

உனக்குச் சரியான ஜோடி என் அப்பாதான். தெலுங்கு பேசுகிற குடும்பங்களுக்கு இண்டிபேரு என்று ஒன்று உண்டு. தகப்பன் வழியில் வருகிற குடும்பப்பேர் அது. சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்த்தால் வீட்டுப்பேர் என்றுதான் வரும். ஒரே இண்டிபேரு உள்ளவர்கள் எத்தனை ஊர் தள்ளியிருந்தாலும் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. எங்களுடையது 'கவ்வமு'. தெலுங்கில் அதற்கு மோர் கடைகிற மத்து என்று பொருள். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளோ, "ஏனுங்கக்கா, உங்கூட்டுல எல்லாரும் எதைங்க கவ்வுவீங்க?" என்று என்னை ஓட்டுவார்கள்.

கவ்வமு அபூர்வமான பேர் என்பதில் அப்பாவுக்குத் தாங்காத பெருமை. வாரச் சந்தைக்கு மாடு பிடிக்க வருகிற கூட்டத்தில் யாராவது தெலுங்கு பேசுவது காதில் விழுந்தால் போதும், அப்பா மாட்டை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்வார். எந்த ஊர், என்ன இண்டிபேரு, உங்கள் பக்கத்தில் கவ்வமு வீடு உண்டா? இருபது வருஷ விசாரிப்பில் மொத்தம் எட்டு வீடுதான் தேறியிருந்தது. உடுமலைப் பக்கம் மூன்று, பொள்ளாச்சிப் பக்கம் இரண்டு, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒன்று, பழனிக்குப் பக்கத்தில் ஒன்று, நாங்கள் ஒன்று. எல்லாவற்றையும் காக்கி அட்டை போட்ட நோட்டில் ஊர்வாரியாக எழுதி வைத்திருந்தார்.

பேர் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஆளுக்கொரு கதை. உடுமலைக்காரர், முன்னோர் ஒருவர் ராஜா வீட்டு மாட்டுத்தொழுவத்தைப் பார்த்துக்கொண்டார் என்றார். பழனிக்காரர், வடக்கே கவ்வமு என்று ஒரு ஊரே இருந்தது என்றார். ஆந்திராவிலிருந்து வைக்கோல் ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவரை அப்பா நிறுத்திக் கேட்டபோது, அவர் மத்தைக் கேள்விப்பட்டிருக்கிறேன், மத்து என்று பேருள்ள மனுஷனைக் கேள்விப்பட்டதில்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அதற்கே அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீதான், "ராஜா வீட்டு மாடுன்னா மத்து ஒண்ணு எப்படி ஐயா பத்தும்?" என்று கேட்டு அவரைச் சிரிக்க வைத்தாய்.

அந்தக் கோடை விடுமுறைக்கு என்னை உன் ஊருக்குக் கூட்டிப்போனாய். உன் அண்ணனின் சினேகிதர் ஒருவர், கம்பம்மெட்டில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தவர், நம்மைப் பார்க்க வந்தார். நாலு வார்த்தை தமிழ் பேசிவிட்டு, நான் கையைச் சுட்டுக்கொண்டு தெலுங்கில் 'அம்மோ, காலிந்தி' என்று முனகியதைக் கேட்டதும் அவரும் தெலுங்குக்குத் தாவினார். தயங்கித் தயங்கி, பிழை பிழையாகப் பேசினார். எனக்கு அந்தப் பிழை பிடித்திருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் நான் பேசாமல் வந்ததை வைத்தே நீ கண்டுபிடித்துவிட்டாய். ஆனியில் அவரை எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வரவைத்ததும் நீதான். அவருடைய இண்டிபேரைக் கேட்க மட்டும் நம் இருவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. அப்பா அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, முதல் கேள்வியாக இண்டிபேரு கேட்டார். "கவ்வமு" என்றார் அவர். அப்பா எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார். "மனவாள்ளு! நம்ம ஆளுக!" என்று கத்தினார். உள்ளே ஓடி நோட்டை எடுத்துவந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி, ஒன்பதாவது வீடு என்று எழுதிய பிறகுதான் அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "தம்பி... எம்பட புள்ளைக்கு நீங்க அண்ணன் முறை ஆயிப்போச்சுங்களே" என்றார்.

அம்மா கேசரித் தட்டோடு கதவோரத்திலேயே நின்றுவிட்டாள். பெண் பார்க்க வந்தவர் எனக்கு அண்ணனாகி, கேசரி சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸுக்குப் போனார். நான் உன் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நீ எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவரைப் பஸ் ஏற்றிவிடப் போன வழியெல்லாம் கேள்வி கேட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாய்.

"ஏட்டி, உங்க வீட்டுல மத்து உடைஞ்சா என்ன செய்வீக?" என்று கேட்டாய்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சந்தையில வாங்குவாங்க. இப்ப அது ரொம்ப முக்கியமா?"

"அவுக வீட்டுல கடையில வாங்கவே மாட்டாகளாம். மாமன் வீட்டுல இருந்துதான் வரணுமாம். கவ்வமுங்கிறதால அப்படி ஒரு வழக்கமாம். உங்க வீட்டுல ஏன் இல்ல? இன்னொண்ணு. அவரு தாத்தா காலத்துல வேலந்தாவளத்துல இருந்துதான் பொழப்புத் தேடி மலைக்குப் போனாகளாம். கெணத்தடியில ரெட்டைப் புளியமரம் உள்ள வீடாம். இந்த ஊருல அப்படி எத்தனை வீடு இருக்கு?"

ஒரு வீடுதான் இருந்தது. அந்த வீட்டில்தான் நாம் உட்கார்ந்திருந்தோம்.

அப்பாவிடம் கேட்டபோது, பிரிந்துபோன பங்காளிகளாக இருக்கும் என்றார். அவர் பிறந்த வருஷமே தகப்பனார் இறந்துவிட்டாராம். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று அவருடைய அம்மா கடைசி வரை அந்தப் பேரையும் சொல்லவில்லை, அதோடு ஒட்டிய எதையும் சொல்லவில்லையாம். "வீட்டுப் பத்திரம் இருக்கா ஐயா?" என்றாய். மலையாளத்தில் எழுதிய பழைய பத்திரம் ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அப்பாவுக்கு மலையாளம் பேசத்தான் வரும், படிக்க வராது. நீ மலையாளமும் படித்தவள். "படிச்சுப் பாருங்க டீச்சரம்மா, நம்ம பேரு அதுலயும் இருக்கும்" என்று சந்தோஷமாகக் கொடுத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நீ எனக்கு மட்டும் சொன்னாய். பேர் அதில் இருந்தது. ஆனால் வீட்டை விற்றவர் பேரோடு இருந்தது. கவ்வமு குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போயிருக்கிறது. வாங்கியவர் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் தாத்தா. மலையாளத்து வழக்கத்தில் வீட்டுப்பேர் என்பது மனைக்கு உள்ள பேர். ஆள் மாறினாலும் அது மாறாது. புதிதாக வந்தவர்களையும் ஊர் 'கவ்வத்து வீட்டுக்காரர்' என்றே கூப்பிட்டது. வரி ரசீதில் கவ்வத்து, ரேஷன் கார்டில் கவ்வத்து. தகப்பனில்லாமல் வளர்ந்த அப்பாவிடம் ஆபீசில் "வீட்டுப்பேர்?" என்று கேட்டு அவர்களே எழுதிக்கொண்டார்கள். வீட்டுப்பேர் என்றால் அப்பாவுக்கு இண்டிபேரு. தெலுங்குக்காரன் மலையாள நாட்டில் குடியிருந்தால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

"அப்போ எங்க பேரு என்ன?" என்று கேட்டேன்.

நீ பத்திரத்தை விரித்துக் காட்டினாய். தாத்தாவின் பேருக்கு முன்னால் ஒரு சொல் இருந்திருக்கிறது. பூச்சி தின்று ஓட்டையாகிக் கிடந்தது. மிஞ்சியது முதல் எழுத்து மட்டும். 'பொ'.

"உங்க அப்பாகிட்ட சொல்லணுமா, வேண்டாமா? நீ சொல்லு. வேண்டாம்னா மடிச்சுப் பெட்டியில வச்சிட்டு, ஒண்ணும் புரியலைன்னு சொல்லிருதேன்" என்றாய்.

மூன்று நாள் யோசித்தேன். சொன்னால் எனக்கு அவர் கிடைப்பார், அப்பாவுக்குத் தன் பேரே இல்லாமல் போய்விடும். இருபது வருஷமாக அந்த மனிதர் ஏழு வீட்டுக்காரர்களைத் தன் ரத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். உடுமலையில் ஒரு சாவுக்குப் பங்காளியாக நின்று தலைமுழுகிவிட்டு வந்திருக்கிறார். மூன்றாம் நாள் அவர் நோட்டைத் திறந்து ஒன்பதாவது வீட்டுக்கு அடியில் நேராகக் கோடு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், உன்னிடம் வந்து "சொல்லிரு" என்றேன். என் ஆசைக்காகத்தான் சொன்னேன். உண்மை வெளியே வரவேண்டும் என்பதற்காக என்று இத்தனை வயதுக்குப் பிறகும் பூசி மெழுக எனக்கு மனசு வரவில்லை.

நீ சொன்னாய். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக் காட்டினாய். முடித்ததும் அப்பா, "மறுக்காப் படிங்க" என்றார். மறுபடி படித்தாய். பிறகு அவர் நோட்டைத் திறந்து, எட்டாவது வீடாக எழுதியிருந்த தன் பேரைச் சாவகாசமாக அடித்தார். ஒரே ஒரு கோடு.

"அப்ப நான் ஆருங்க டீச்சரம்மா?" என்று கேட்டார். அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஏன்தான் வாயைத் திறந்தேனோ என்று இருந்தது.

நீ மட்டும் கலங்கவில்லை. வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னாய். "ஐயா, கணக்குல தெரியாதது ஒண்ணு வந்தா நாங்க நின்னுற மாட்டோம். அதுக்கு ஒரு எழுத்தை வச்சுக்கிட்டுத்தான் கணக்கையே தொடங்குதோம். உங்களுக்கு எழுத்து ஏற்கெனவே இருக்குல்லா. பொ."

அப்பா உன்னையே பார்த்தார். பிறகு நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, தலைப்பில் 'பொ' என்று எழுதினார். அடுத்த சந்தைக்கு முதல் ஆளாகப் போனார். பொத்தூரியா, பொன்னகண்டியா, பொகடலா என்று ஏதேதோ பேர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி போட்டார். கவ்வமு நாட்களைவிட அந்த நாட்களில்தான் அவர் அதிகம் சிரித்தார் என்று நீ சொல்வாய். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. என் மனது ஆறுவதற்காகச் சொன்னாயோ என்னவோ.

கல்யாணத்தில் ஐயர் இரண்டு வீட்டு இண்டிபேரையும் சபையில் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் கவ்வமு என்றார்கள். பெண் வீட்டார்? உடுமலைக்காரர்கள், பழனிக்காரர்கள், நேற்றுவரை அப்பாவின் பங்காளிகளாக இருந்த அத்தனை பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். ஏதாவது ஒரு பேரைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஐயரும்கூட, தெரிந்த பேர் எதையாவது சொல்லுங்கள் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

அப்பா என் கையைப் பிடித்தபடி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "தெலீது" என்றார். தெரியாது.

ஒரு மனிதன் தன் பேர் தெரியாது என்று ஊர் கூடின இடத்தில் சொன்னான், பெண்ணுக்காக. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பின்னால் நின்ற நீதான் என் தோளைக் கிள்ளி, "நிமிர்ந்து பாருட்டி, உங்க அப்பாவை" என்றாய். பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன்.

தாலி கட்டினால் பெண்ணுக்குப் புருஷன் வீட்டு இண்டிபேரு வந்துவிடும். பிறந்தபோது எனக்குச் சொந்தமில்லாத கவ்வமு அன்றைக்குச் சொந்தமாயிற்று. அன்று சாயங்காலமே அப்பா ஒன்பதாவது வீட்டுக்குக் கீழே என் பேரை எழுதி, உன்னைக் கூப்பிட்டு, "பாருங் டீச்சரம்மா, எங்கூட்டுல ஒரு ஆளாச்சும் நெசமான கவ்வமு ஆயிருச்சு" என்று காட்டினாராம். இதை நீ எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னாய்.

இப்போது நோட்டு என்னிடம் இருக்கிறது. கவ்வமு பக்கத்தில் பதினான்கு வீடு ஆகிவிட்டது. 'பொ' பக்கத்தில் கேள்விக்குறி இல்லாத பேர் ஒன்றுகூட இல்லை. போன மாதம் கம்பத்தில் ஒரு கல்யாணத்தில், பொட்லூரி என்று இண்டிபேரு உள்ள ஒரு அம்மாள், தன் வீட்டுப் பெரியவர் ஒருவர் மலையாளத்துப் பக்கம் போய்த் திரும்பவேயில்லை என்றார். சட்டென்று உனக்குப் போன் பண்ணக் கைப்பையைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் நீ இல்லை என்று நினைவு வந்தது. பந்தி நடக்கும்போது அழுதால் நன்றாகவா இருக்கும் என்று கைகழுவப் போய்விட்டேன்.

பஞ்சாயத்துப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். கவ்வமு என்றேன். எழுதிக்கொண்டாள். கதை கேட்கிற முகம் தெரிந்ததால் நானே மெதுவாக ஆரம்பித்து, மத்து, சந்தை, ரெட்டைப் புளியமரம் எல்லாம் சொன்னேன். படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து கேட்டாள். எல்லாம் முடிந்ததும், "அப்போ அம்மேட ஜனிச்ச வீட்டுப்பேர்?" என்றாள்.

என் அப்பா சொன்ன மாதிரியே, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, சொன்னேன்.

"தெலீது."