ஓரமாக வைத்த மூவர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நேரே விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைக்கத் தெம்பில்லை. என் புது மருந்தின் சோதனையை நிறுத்திவிட்டு விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே மூன்று நோயாளிகள் ஈரல் கெட்டு இறந்தார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் தனிக் கோப்பில் வைத்தேன் என்பதுதான் குற்றம்.

அக்கா என் புத்தகத்தைப் புரட்டக்கூட மாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவாயே, படித்தேனடா. அதுதான் வினை. புதுக் கருத்தை முதல் முரணிலேயே தூக்கி எறியாதே, முரணைக் கொஞ்ச காலம் ஓரமாக வை என்று ஐந்தாம் அத்தியாயத்தில் நீதானே எழுதியிருக்கிறாய்? நான் செய்தது முறைதான் என்று குழுவுக்கு ஒரு பக்கம் எழுது. அறிவியல் தத்துவத்தில் உன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இல்லாவிட்டால் என்னை இனி எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் சேர்க்க மாட்டார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடே இறங்கவில்லை. ஓரமாக வைத்ததைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதியதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு வரியே இல்லை. கணக்குக்கு ஒத்துவராமல் நகரும் வானத்துக் கோள்களை மனதில் வைத்து எழுதிவிட்டேன். மனிதர்கள் நினைவுக்கே வரவில்லை.

ஒன்றே ஒன்று சொல். அந்த மூவருக்குப் பிறகு மற்றவர்களுக்கு மருந்தை நிறுத்தினாயா?

தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நிறுத்தவில்லை. உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது. நான்கு மாதம் கொடுத்தேன். இன்னும் ஆறு பேர் இறந்தார்கள். நோய் முற்றி இறந்ததாக எழுதி வைத்தேன். குழுவுக்கு இது தெரியாது.

கடைசியாகப் போனவள் ஒரு தையல்காரி. கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மா, மருந்து கேக்குதுல்ல?" என்றாள். "கேக்குதும்மா" என்றேன். கேட்கவில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும்.

இதைக் கிழித்துப் போடு. அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் சுமந்தவள் கேட்கிறேன், அந்த ஒரு பக்கத்தை எழுதிக் கொடு.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிவிட்டேன். ஐந்தாம் அத்தியாயம் என் தவறு என்று எழுதினேன். அதோடு உன் இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் குழுவிடம் நேரில் கொடுத்தேன். படித்து முடித்த தலைவர், "உங்க கூடப் பிறந்த அக்காவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உன்மேல் கோபமே வரவில்லை. அழுகைதான் வருகிறது.

இனி எனக்கு எழுதாதே அக்கா. எழுதினால் அதையும் கொடுத்துவிடுவேன்.

உன் தம்பி