கத்தியை எங்க வச்சீங்க

ஏங்க,

தையல் பிரிக்கப் பொன்னமராவதி போறேன். ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல.

ரசமும் அவரைக்காயும் மூடி வச்சிருக்கு. அவரைக்காயைக் கையாலயே ஒடிச்சுப் போட்டேன். வீட்ல கத்தியும் இல்ல, அருவாமனையும் இல்ல. நீங்கதான் ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு தெரியும். ஆஸ்பத்திரியில வச்சு "வேணும்னே வெட்டிக்கிட்டியா?"ன்னு கேட்டீங்க. நான் வாயைத் தொறக்கல. நீங்களா ஒரு முடிவுக்கு வந்துட்டீங்க.

அப்படி இல்லைங்க. அன்னைக்கு வெங்காயம் நறுக்கிட்டு இருந்தப்ப, கொல்லைப் பக்கமிருந்து நம்ம அன்புமொழி "அம்மா, பசிக்குது"ன்னு கூப்பிட்டா. ஸ்கூல் விட்டு வந்ததும் கூப்பிடுவாளே, அதே குரல். திரும்பிப் பாத்தேன், கத்தி ஆள்காட்டி விரல்ல எறங்கிருச்சு. அவ செத்து எட்டு மாசமாச்சுன்னு எனக்குத் தெரியாதா? காதுக்குத்தான் தெரியல. சொன்னா நீங்க இன்னும் பயப்படுவீங்கன்னு சொல்லல.

மத்தியானம் ஷீபா டீச்சர் வருவாங்க. பிள்ளையோட டிராயிங் நோட்டு ஸ்கூல்லயே கெடந்துச்சாம். வாங்கி வைங்க, பிரிக்காதீங்க. நான் வந்ததும் ரெண்டு பேருமா பாப்போம்.

செவந்தி

சோறு குக்கர்ல இருக்கு.

இன்னொண்ணு. நேத்துச் சாயங்காலம் டீ குடிச்சுக்கிட்டு இருந்தவங்க, கொல்லைப் பக்கம் திரும்பி "இந்தா வாரேன்"னு சொன்னீங்க. நான் ஒங்களைக் கூப்பிடவே இல்லைங்க.