ஜன்னலடியில் ஐம்பது நிமிடம்

மார்ச் 3, திங்கள்

காலையில் மூடுபனி, பத்து மணிக்கு நல்ல வெயில். துவைத்ததெல்லாம் காய்ந்தது. பதுளையில் இது பெரிய விஷயம்.

கெம்பஸ் வந்து ஆறாவது வாரம். விடுதியில் குளியலறை வரிசையில் இன்றும் நான்தான் முதல். அறையில் மூவர்: நான், மாத்தறை தருஷி, யாழ்ப்பாணத்து அபிராமி. தருஷிக்குத் தமிழில் திட்டக் கற்றுக்கொடுக்கிறேன், அவள் எனக்குச் சிங்களத்தில். இருவருமே கெட்டிக்காரிகள்.

முக்கியம்: பாடநெறி மாற்ற விண்ணப்பம். எனக்குக் கிடைத்தது சுற்றுலா. வேண்டியது தேயிலைத் தொழில்நுட்பம் (இனி தே.தொ.). இரண்டே இடம். வியாழன் மூன்று மணிக்குள் துறைத் தலைவரைப் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு இல்லாவிட்டால் யாருக்கு?

அப்பாவுக்குப் போன். தெமோதரைப் பக்கம் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் வேலை அவருக்கு. அம்மா மலையில் கொழுந்து எடுக்கிறார்.

"தேயிலைக்குப் படிக்கவா இம்புட்டு வருசம் கண்ணு முழிச்ச?" என்றார் அப்பா.

அதற்குத்தான் என்றேன். லைன் கட். சிக்னல் போயிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

வாங்க: சவுக்காரம், நீலப் பேனை 2. குடைக்கம்பி சரிசெய்ய.

மார்ச் 4, செவ்வாய்

வெயில், பகலுக்குப் பின் காற்று. புள்ளிவிபரவியல் சோதனையில் 71. ஆங்கிலத்தில் எழுதி 71!

இரண்டு மணிக்கு தே.தொ. அலுவலகம். ஜன்னலடியில் நின்றேன். உள்ளே கிளாக்கர் அம்மா, அதற்கும் உள்ளே தலைவரின் அறை. கிளாக்கர் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். வேறு பிள்ளைகள் கதவு வழியாக உள்ளே போவதும் வருவதுமாக. தெரிந்தவர்கள் போல. ஐம்பது நிமிடம். காற்றுக்குக் காகிதம் பறந்தது, கிளாக்கர் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார். என் மூக்குக்கு நேரே.

மரியாதை தெரியாத ஆபீஸ். நாளை பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 5, புதன்

தலைவர் இன்று வெளியூர். நாளை ஒரு நாள்தான் மிச்சம்.

கேன்டீனில் அபிராமி கேட்டாள். நேற்று மாடியிலிருந்து என்னைப் பார்த்தாளாம்.

"ஏன் யன்னலடியில நிண்டனீர்? கதவு திறந்துதானே கிடந்தது."

வாயில் ரொட்டி என்று சமாளித்தேன்.

பிறகுதான் புரிந்தது. தோட்டத்து ஆபீஸில் நாங்கள் யாரும் உள்ளே போனதில்லை. லீவு, சம்பளச் சிக்கல், மரணச் சான்றிதழ், எதுவானாலும் ஜன்னலுக்கு வெளியே நின்று, கிளாக்கர் ஐயா கூப்பிடும்வரை. சின்னதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை நின்றிருக்கிறேன். ஸ்கூலில் விவாத அணித் தலைவி. இங்கே முதல் வாரம் பாட்டுப் பாடச் சொன்ன சீனியரையே பாடவைத்தவள். என் காலுக்கு மட்டும் இது யாருக்கும் தெரியாமல் ஞாபகம் இருந்திருக்கிறது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கொஞ்சம் அழுதேன்.

அப்பாவுக்குப் போன். நடந்ததைச் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்து. சிரிக்கவில்லை.

"கூப்புடுற வரைக்கும் நின்னிருக்கணும்மா. அவசரப்பட்டு வந்துட்டியே."

சாப்பிட்டீங்களா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

மூடுபனி. குடைக்கம்பி இன்னும் சரியில்லை.

9.40. கதவு வழியாக. வாசலில் ஒரு நொடி கால் நின்றது, உண்மை. தள்ளிக்கொண்டு போனேன். கிளாக்கர் அம்மா நல்லவர். செவ்வாய்க்கிழமை யாருக்கோ காத்திருக்கிறேன் என்று நினைத்தாராம். உள்ளே அனுப்பினார்.

தலைவர் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு நாற்காலி. உட்கார்ந்தேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

ஏன் தேயிலை என்றார். தயார்செய்துகொண்டு போன ஆங்கிலம் பாதியில் காணாமல் போனது. கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக் காட்டினேன். அப்பா வாடிய கொழுந்தை இப்படித்தான் கையில் இறுக்கிப் பிடித்து, பிறகு கையை விரிப்பார். சட்டென்று விரிந்தால் வாட்டம் போதாது, மெல்ல விரிந்தால் பதம். கை சொல்லிவிடும். ஏன் அப்படி என்று கேட்டால் அப்பாவுக்குத் தெரியாது, எனக்கு அது தெரிய வேண்டும் என்றேன். பாதி ஆங்கிலம், பாதி சிங்களம், கைக்குட்டை மட்டும் சுத்தத் தமிழ்.

அவர் தன் கைக்குட்டையையும் எடுத்து இறுக்கி விட்டுப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். முடிவு நாளை.

தருஷியிடம் புதிதாக இரண்டு திட்டு கற்றேன்.

மார்ச் 7, வெள்ளி

அறிவிப்புப் பலகையில் இரண்டு பெயர். இரண்டாவது நான். கத்தினேன். கேன்டீனுக்குக் கேட்டதாம்.

ஐந்து மணிக்கு அப்பாவுக்குப் போன். சிக்னலுக்காகத் தண்ணீர்த் தாங்கி மேட்டில் ஏறி நின்றார், மூச்சு வாங்கியது. உள்ளே போய்த் தலைவரைப் பார்த்ததைச் சொன்னேன், கிடைத்துவிட்டது என்றேன். சரி என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அந்த ஐயா ஒன்னய ஒக்காரச் சொன்னாரா?"

"சொல்லலப்பா. நானாத்தான் ஒக்காந்தேன்."

பிறகு போனை வாயிலிருந்து எடுத்து யாரிடமோ சொன்னார், அம்மாவிடமாகத்தான் இருக்கும்:

"கேட்டியா? ஒக்காந்தாளாம்."